மாடு விழுங்கிய ஆணி

தமிழ்நாட்டில் கோமாரி என்றால் மாட்டின் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் போடும் நோய் ஞாபகத்துக்கு வரும். அம்பாறைக் கரையோரத்தில் வளர்ந்த எங்களுக்கு அது ஓர் ஊர். அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில் கடந்து பொத்துவிலை நோக்கிப் போகும் வீதியில், கடலை ஒட்டி வரும். வட்டையில் வேளாண்மை வெட்டி முடிந்ததும் அந்தப் பக்கத்துத் தரவைகளில் மாட்டுப் பட்டிகள் இறங்கிவிடும். அப்படி ஒரு பட்டியில், ஒருநாள் விடியற்காலை, ஒரு செவலைப் பசுவைப் பார்த்தேன்.

மற்ற மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்விட்டன. இது மட்டும் முன்னங்கால் இரண்டையும் வரப்பில் ஏற்றி வைத்து, முதுகை வில்லாக வளைத்து நின்றது. முழங்கைகள் நெஞ்சிலிருந்து விலகியிருந்தன, அக்குளில் கட்டி வந்த மனிதன் கையை அகட்டி வைப்பதுபோல. மோட்டார் சைக்கிளில் வந்த டொக்டர் இளைஞர், கல்முனைப் பக்கத்துப் பிள்ளை. வந்தவர் உடனே மாட்டைத் தொடவில்லை. பத்தடி தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார்.

"எத்தின நாளா மாமா இப்பிடி நிக்கிது?"

"வெள்ளிக்கிழமயிலருந்து டொக்டர். வாயில ஒண்டும் வைக்கிதில்ல. பாலும் பட்டெண்டு நிண்டு போச்சி."

"அசை போடுதா?"

"இல்ல."

"இந்தப் பக்கம் கிட்டடியில வேலி அடிச்சீங்களா?"

பட்டிக்காரர் திகைத்துப் போனார். மாட்டுக்கு நோவு, டொக்டர் வேலியைப் பற்றிக் கேட்கிறாரே! ஆனால் ஆம், போன மாதம்தான் முள்ளுக்கம்பி இழுத்திருக்கிறார்கள்.

சிறுவயதில் நம்மில் பலருக்கு வந்த சந்தேகம் இது: நமக்கு வருத்தமென்றால் இங்கே குத்துகிறது, அங்கே எரிகிறது என்று சொல்கிறோம். மாடு என்ன சொல்லும்? வாயில்லா ஜீவனுக்கு எங்கே நோகிறது என்று மிருக வைத்தியருக்கு எப்படித் தெரிகிறது? இந்தப் பசுவை வைத்துக்கொண்டே விடை தேடலாம்.

பாபத் கழுவியவர்களுக்குத் தெரிந்த வயிறு

ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா மாடு அறுத்த வீட்டில் பாபத், அதாவது மாட்டு இரைப்பை, சுத்தம் செய்தவர்களுக்கு மாட்டின் வயிற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு துண்டு துவாய் மாதிரி சொரசொரவென்று இருக்கும். இன்னொன்றில் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள். மற்றொன்று புத்தகம் விரித்ததுபோல ஏடு ஏடாக. மிஞ்சியது வழுவழுப்பானது.

மாட்டின் வயிறு இந்த நான்கு அறைகளும் சேர்ந்ததுதான். துவாய்த் துண்டு பெரும்பை. வயிற்றின் இடது பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு, பெரிய கறவை மாட்டில் 100 லீட்டருக்கு மேல் கொள்ளும். தேன்கூட்டுத் துண்டு அதற்கு முன்னால், தாழ்வாகத் தொங்கும் சிறிய அறை. இதைத் தேன்கூட்டுப்பை என்போம். புத்தகம் போன்றது ஏட்டுப்பை. வழுவழுப்பானது செரிப்பை, நம்முடைய இரைப்பையின் வேலையைச் செய்வது.

மாட்டுக்கு மேல்வாயின் முன்புறத்தில் பல் கிடையாது. நாக்கை நீட்டிப் புல்லைச் சுற்றிப் பிடித்து, கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே வைத்து இழுத்துப் பிய்க்கும். பிய்த்ததை அரைகுறையாக மென்று விழுங்கும். சாவகாசமாகப் படுத்திருக்கும்போது அதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கும். அசை போடுவது என்பது இதைத்தான். ஆறு முதல் எட்டு மணிநேரம் வரை ஒரு நாளில் இதற்கே போகும்.

திறந்த வெளியில் மேயும் விலங்குக்கு இது நல்ல ஏற்பாடு. ஆபத்து வருமுன் வயிற்றை நிரப்பிக்கொள்ளலாம். மெல்லுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் புல்லோடு ஓர் ஆணி கிடந்தால் அதுவும் உள்ளே போய்விடும். ஆடு உதட்டால் இலையிலையாகப் பொறுக்கித் தின்பது. அதனால் ஆட்டுக்கு இந்த விபத்து அபூர்வம். மாட்டுக்கும் எருமைக்கும் நேர்வது. வேலிக்கம்பித் துண்டு, கூரை ஆணி, பழைய டயரிலிருந்து உதிரும் இரும்பு நூல் எல்லாம் உள்ளே போகும். பாரமான பொருள் பெரும்பையில் மிதக்காது. முன்னால் உள்ள தேன்கூட்டுப்பையில் விழுந்து, அந்தக் கட்டங்களில் சிக்கிக் கிடக்கும்.

ஒரு நாளில் ஆயிரம் தடவை

கிடந்தால் மட்டும் பிரச்சினையில்லை. அறுக்கும்போது வயிற்றில் ஆணியோடு இருந்த கொழுத்த மாடுகளைக் கசாப்புக்கடைக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் தேன்கூட்டுப்பை சும்மா இருக்கும் அறையில்லை. தீனியைக் கலக்குவதற்காக, ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு தடவை கையைப் பொத்துவதுபோல இறுகி விரியும். ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். அப்படியானால் உள்ளே கிடக்கும் ஆணிக்கு ஒவ்வொரு நாளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தள்ளுகள்.

மழுங்கிய பொருள் புரண்டு கொடுக்கும். கூர்மையானது ஒருநாள் சுவரில் நேராக நின்றுவிட்டால், அடுத்த தள்ளில் குத்தும். அதற்கடுத்த தள்ளில் துளைக்கும். துளைத்து எங்கே போகும்? முன்னால். அங்கே பிரிமென்றகடு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத்திரை. அந்தத் திரைக்கு மறுபுறம் இதயம். தேன்கூட்டுப்பைக்கும் இதயத்துக்கும் நடுவே உள்ள தூரம் சில விரல் அகலம்தான். மாடு நிறைசினையாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். வளரும் கருப்பை பின்னாலிருந்து எல்லாவற்றையும் முன்னுக்கு நெருக்கும்.

இப்போது பசு நின்ற நிலையைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். முன்னங்கால்களை வரப்பில் ஏற்றினால் வயிற்றின் பாரம் பின்னோக்கிச் சரியும், குத்தும் இடத்தில் அழுத்தம் குறையும். முதுகை வளைத்தால் அடிவயிறு இழுபடாது. அசை போடாததற்கும் காரணம் அதுவே. அசைக்காகத் தீனியை மேலே தள்ள வேண்டுமென்றால் தேன்கூட்டுப்பை ஒரு தடவை கூடுதலாக இறுக வேண்டும். அந்த இறுக்கத்தை மாடு தவிர்க்கிறது. டொக்டர் பத்தடி தள்ளி நின்று வாசித்தது இதையெல்லாம்தான்.

மூன்று கேள்விகள்

வாசித்தது சரிதானா என்று மாட்டிடமே கேட்க வேண்டும். மூன்று விதமாகக் கேட்டார்.

முதலில் திமிலுக்குப் பின்னால் முதுகுத் தோலை இரண்டு கையாலும் இறுக்கிக் கிள்ளினார். சுகமான மாடு உடனே முதுகைக் கீழே தாழ்த்தும். வீட்டில் மாடு இருப்பவர்கள் செய்து பார்க்கலாம். அடிவயிற்றில் நோவுள்ள மாடு தாழ்த்தாது, தாழ்த்தினால் குத்தும். செவலை அசையவில்லை.

அடுத்து ஒரு நல்ல கம்பைத் தேடி எடுத்து, மாட்டின் நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னே, வயிற்றுக்கு அடியால் குறுக்காகக் கொடுத்தார். ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையைப் பட்டிக்காரரின் மகன். மெல்லத் தூக்கி, பட்டென்று இறக்கச் சொன்னார். அவர் ஸ்டெதஸ்கோப்பை மாட்டின் தொண்டைக்குழாயின் மேல் வைத்திருந்தார். எங்கள் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் எனக்கு அதை மாட்டிவிட்டு இன்னொரு தடவை செய்யச் சொன்னார். கம்பு இறங்கிய கணத்தில் கேட்டது: சின்னதாய், அடக்கப்பட்ட ஒரு முனகல். மாடு பேசிவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

மூன்றாவது கேள்வி இதயத்துக்கு. ஆணி இதயவுறையை எட்டியிருந்தால் சீழும் நீரும் கட்டிவிடும். காதில் 'லப் டப்' கேட்பதற்குப் பதிலாகத் தண்ணீர்க் குடத்தைக் குலுக்குவதுபோலச் சளசளப்புக் கேட்கும். கழுத்து நாளம் கயிறாகப் புடைக்கும். நெஞ்சுத் தொங்கலில் நீர் கோத்துவிடும். அந்தக் கட்டத்துக்குப் போன மாட்டைக் காப்பாற்றுவது மிகக் கடினம். செவலைக்கு இதயம் சுத்தமாக இருந்தது.

உலோகத்தைக் காட்டும் கருவியை வைத்தால் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்தக் கருவி இரும்பு இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். வயிற்றில் இரும்போடு சுகமாக உலவும் மாடுகள் எத்தனையோ. இருக்கும் இரும்பு குத்துகிறதா என்ற கேள்விக்குக் கிள்ளலும் கம்பும் காதும்தான் பதில் பெற்றுத் தரும்.

இந்தக் கை எங்கே பழகியது?

மனிதனுக்கு மருத்துவப் பள்ளிகள் வந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்புதான் விலங்குக்குப் பள்ளி வந்தது. 1761இல் பிரெஞ்சு அரசு, குளோட் பூர்ஷலா என்பவருக்கு லியோன் நகரில் அதற்கு அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டு வகுப்புகள் தொடங்கின. அவர் குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். அவருக்கு அனுமதி கிடைக்க முக்கிய காரணம் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்த வெக்கை நோய். லியோன் மாணவர்கள் படிக்கும்போதே கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்துக்கட்டிய இரண்டாவது நோய் அது. இலங்கையில் பல்லாண்டுகள் இல்லாதிருந்து, 1987இல் நம் கிழக்கு மாகாணத்தில்தான் அது மறுபடி தலைகாட்டியது.

தமிழ் பேசும் நிலத்தில் முதல் கல்லூரி சென்னை வேப்பேரியில், டாபின் ஹால் என்ற கட்டடத்தில், 1903 ஒக்டோபர் 1ஆம் திகதி 20 மாணவர்களோடு தொடங்கியது. 1935இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1989இல் கால்நடை மருத்துவத்துக்கென்றே தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகம் உருவானபோது இந்தக் கல்லூரி அதன் மூத்த பிள்ளையாயிற்று.

இலங்கையில், 1942இல் பிறந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947இல் மிருக வைத்தியக் கல்வி கொழும்பில் ஆரம்பமானது. பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிபெயர்ந்தபோது அதுவும் மலைநாடு போனது. முதலில் விவசாயத்தோடு கூட்டுக் குடும்பம். 1980இல்தான் தனிப் பீடம். நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் மிருக வைத்தியப் பட்டம் தருவது அது ஒன்றே. மகாவலிக்கு அக்கரையில், கன்னொறுவையில், 1967 முதல் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கல்முனையிலிருந்து ஒரு பிள்ளை மாட்டு டொக்டராக வேண்டுமென்றால் அம்பாறை, மகியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவு ஏறி, கண்டிக்கும் அப்பால் போய்த்தான் படித்துவர வேண்டும். நம் டொக்டரும் அப்படிப் போனவர்தான்.

முப்பத்தொன்பது பாகை

மருத்துவ பீடத்தில் படிப்பவர் ஒரே ஓர் உடம்பைக் கற்கிறார். மிருக வைத்திய மாணவருக்கு எத்தனை உடம்பு! வெப்பமானியில் 39 பாகை செல்சியஸ் என்று வருகிறது. மனிதனுக்கு அது காய்ச்சல். குதிரைக்கும் காய்ச்சல். மாட்டுக்குச் சாதாரணம். கோழிக்கு 39 என்றால் உடம்பு ஆபத்தாகக் குளிர்ந்துவிட்ட நிலை, ஏனெனில் அதன் இயல்பே 41, 42 பாகை. நாடித்துடிப்பும் அப்படியே. யானைக்கு நிமிடத்துக்கு முப்பது அளவில், கோழிக்கு முந்நூறு அளவில். எண் ஒன்றுதான், யாருடைய எண் என்று தெரியாமல் அதற்குப் பொருளில்லை.

மிருக வைத்திய பீடத்துக்குப் பலவிதமான இடங்கள் தேவைப்படுவது இதனால்தான். உடலமைப்புக் கூடத்தில் மாட்டையும் நாயையும் கோழியையும் பிரித்துப் பார்த்து, தேன்கூட்டுப்பைக்கு முன்னால் இதயம் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதைக் கையால் தொட்டு அறிகிறார்கள். போதனா வைத்தியசாலையில் நோயோடு வரும் நாய், பூனை, மாடு, ஆடுகளுக்கு ஆசிரியர்களின் கண்பார்வையில் சிகிச்சை செய்கிறார்கள். சுகவீனத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சுகம் எப்படியிருக்கும் என்பது மறந்துபோகும். அதற்காகத்தான் பண்ணை. நூறு நல்ல மாடுகளின் முதுகைக் கிள்ளி, அவை தாழ்த்துவதைப் பார்த்த கைக்குத்தான் நூற்றியோராவது மாடு தாழ்த்தாதபோது சந்தேகம் வரும்.

இன்னொரு படிப்பு உண்டு. அதற்குக் கட்டடமில்லை. மாட்டுக்காரரின் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் படிப்பு அது. பேராதனையில் பாடம் ஆங்கிலத்தில். மாடு கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் பேசுவது சிங்களம். நம் பக்கத்துக்கு வந்தால் 'பொருமியிரிக்கி', 'கழியுது', 'மடி கல்லாப் போச்சி' என்பார்கள். ஒவ்வொரு சொல்லும் ஒரு நோயின் வாசல். வேலி அடித்தீர்களா என்ற ஒரு கேள்வி, அந்தப் பசுவின் விஷயத்தில் பாதி வழியைக் கடந்துவிட்டது.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996 முதல் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கிறார்கள். எருமைப் பட்டிகளும் தயிர்ச் சட்டிகளும் உள்ள இந்தக் கரையில் மிருக வைத்திய பீடத்தின் கள நிலையம் ஒன்றாவது இருந்தால், மலையில் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டில் சில மாதங்கள் இங்கே வந்து உவர்மண்ணில் மேயும் மாட்டையும் பட்டிக்காரரின் சொல்லையும் கற்றுப் போவார்கள். கற்றுப்போனவர்களில் சிலர் திரும்பியும் வருவார்கள்.

இறந்தபின் கேட்கும் கேள்வி

பீடத்தில் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் கூடம் ஒன்று உண்டு. செத்த விலங்குகளை அறுத்துச் சோதிக்கும் இடம். என் கணிப்பில் அதுதான் பீடத்தின் உயிர்நிலை. உயிருள்ள மாட்டின் முனகலைக் கேட்டு இது ஆணி என்று வைத்தியர் துணிந்து சொல்வதற்குக் காரணம், முன்னே பலர் முனகிச் செத்த மாடுகளைத் திறந்து பார்த்து, குத்திய ஆணியையும் அது போன வழியையும் எழுதி வைத்ததுதான்.

இந்தக் கூடத்து அறிவு நம் மாவட்டத்துக்கே உதவியிருக்கிறது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் குப்பை கொட்டும் இடத்துக்கு யானைகள் வந்து மேய்வது எல்லோருக்கும் தெரியும். 2022 தொடக்கத்தில் வந்த செய்திகளின்படி, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே இறந்திருந்தன. வனவிலங்கு வைத்தியர்கள் அவற்றை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் கண்டது பொலித்தீனும் உணவுப் பொதி உறைகளும் பிளாஸ்டிக்கும். யானை வழக்கமாகத் தின்னும் தீனி தென்படவில்லை. யானைக்கு நான்கு அறை வயிறு கிடையாது, அசை போடவும் தெரியாது. உடம்பின் அமைப்பு வேறு. ஆனால் நாம் எறிந்ததை அது விழுங்குகிறது, விழுங்கியது உள்ளே நின்றுவிடுகிறது. அறுத்துப் பார்க்கும் வரை அந்த மரணங்களுக்குச் சாட்சி இல்லை.

நின்றபடி ஓர் ஒப்பரேஷன்

கோமாரிப் பசுவுக்கு டொக்டர் முதலில் கத்தி எடுக்கவில்லை. சுண்டுவிரல் நீளமான ஒரு காந்தத்தை அதன் தொண்டைக்குள் இறக்கினார். காந்தமும் பாரமான பொருள்தானே, ஆணி போய் விழுந்த அதே தேன்கூட்டுப்பையில்தான் விழும். விழுந்து, இரும்பைத் தன்னோடு ஒட்டிப் பிடித்து, கூரை அடக்கிவிடும். ஆயுள் முழுக்க அங்கேயே கிடக்கும். கூடவே கிருமிக்கு எதிரான ஊசியும் போட்டார். முன்பக்கம் உயர்ந்த மேடையில் கட்டி, நடக்க விடாமல் வைத்திருக்கச் சொன்னார். பல மாடுகளுக்கு இதோடு சரியாகிவிடும். ஆழமாகக் குத்திவிட்ட ஆணியைக் காந்தத்தால் பின்னுக்கு இழுக்க முடியாது. செம்புக் கம்பி என்றால் காந்தம் அதைச் சீண்டவே சீண்டாது.

மூன்றாம் நாளும் செவலை தின்னவில்லை. இன்னொரு டொக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

மாட்டுக்கு இந்த ஒப்பரேஷனை நின்றபடியே செய்கிறார்கள். படுக்க வைத்தால் வயிறு உப்பி மூச்சை அழுத்தும், தீனி மேலேறி நுரையீரலுக்குள் போகவும் கூடும். இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் மயிரைச் சிரைத்து, அந்தப் பகுதி மட்டும் மரத்துப்போக ஊசி ஏற்றினார்கள். தோல், தசை, பிறகு பெரும்பை. பெரும்பையின் சுவரை வெட்டுவாயின் ஓரத்தில் சுற்றித் தைத்துவிட்டுத்தான் அதைத் திறந்தார்கள். உள்ளேயிருக்கும் தீனித் தண்ணீர் ஒரு துளி வயிற்றறைக்குள் சிந்தினாலும் சீழ் பிடிக்கலாம். புளித்த வைக்கோல் வாசனை பட்டி முழுதும் பரவியது. டொக்டர் நீண்ட கையுறையோடு தோள் வரை கையை விட்டு, முன்னால், கீழே, தேன்கூட்டுப்பைக்குள் தடவினார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மாடு திரும்பி அவரைப் பார்த்தது.

முதலில் காந்தம் வந்தது, அதில் மயிர்போல ஒட்டிய இரும்புத் தூளோடும் இரண்டு சிறிய ஆணிகளோடும். அதைக் கழுவி ஒரு பக்கம் வைத்துவிட்டு மறுபடி கையை விட்டார். சுவரில் குத்தியிருந்ததை மெல்லப் பின்னுக்கு இழுத்து எடுத்தபோது அது முள்ளுக்கம்பியின் ஒரு முள், ஒரு விரல் நீளத் துண்டோடு. கூர் இன்னும் பளபளத்தது. வெட்டுவாயைத் தைத்து மூடுமுன் கழுவிய காந்தத்தைத் திரும்ப உள்ளே வைத்தார்.

நான்காம் நாள் பசு அசை போட்டது. பட்டிக்காரர் தொலைபேசியில் அழைத்து அதை மட்டும் சொன்னார்.

அடுத்த தடவை போனபோது அவருடைய பேரன் வேலியோரமாக நடந்துகொண்டிருந்தான். பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, புல்லின் மேல் இழுத்து வந்தான். வேலி அடித்தபோது உதிர்ந்த கம்பித் துண்டுகள் அதில் கொத்தாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிய்த்து ஒரு நெஸ்பிரே டின்னில் போட்டான். டின் பாதி நிரம்பியிருந்தது.